தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது, என்னதான் செய்ய?

தெப்பக்குளத்தா | ஞாயிறு, இரவு 9:12

மக்களே வணக்கம், ரொம்ப நாளா ஓரமா நின்னு வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் மொத பதிவு. எம் பொண்ணு நாலாங்கிளாசு. காலைல முக்கா லிட்டர் பாட்டில நிறைச்சுக் குடுத்து விடுறேன், சாயந்தரம் பைய தூக்குனா அதே கனம். கேட்டா "மறந்துட்டேம்மா". சார்ட் ஒட்டுனேன், ஸ்டார் போட்டேன், அவுக அப்பா பூனை மூஞ்சி போட்ட புது பாட்டில் வாங்கிட்டு வந்தாரு, பூனை ரெண்டு நாள் வேலை பாத்துச்சு, அம்புட்டுதான். போன வாரம் ஒன்னுக்குப் போறப்ப எரியுதுன்னு அழுதுச்சு, மறுநாளே குளிர் காய்ச்சல், யூரின் டெஸ்ட்டு கல்ச்சருன்னு எடுத்து இன்ஃபெக்ஷன்னு சொல்லிட்டாங்க. டாக்டரம்மா என்கிட்ட ஒன்னும் கேக்கல, பிள்ளைகிட்டதான் கேட்டாங்க, "ஸ்கூல்ல பாத்ரூம் போவியா பாப்பா?"ன்னு. நான் முந்திக்கிட்டு, போவா டாக்டர்ன்னேன். பிள்ளை தலைய குனிஞ்சுக்குச்சு.

நல்ல பழக்கத்த எப்படித்தான் சொல்லிக் குடுக்குறது, உங்க வீட்டுல என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க.

மேலூர்க்காரன் | 9:31

தங்கச்சி தப்பா எடுத்துக்காத, இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் சார்ட்டு எல்லாத்துக்கும் ஸ்டாரு. நாங்கல்லாம் பெரியாத்து வாய்க்கால்ல குதிச்சு அதே தண்ணிய ரெண்டு கையிலயும் அள்ளிக் குடிச்சு வளந்தவய்ங்க, எங்கள எந்த டாக்டரம்மாவும் உக்கார வச்சு கேள்வி கேட்டதில்ல. பசிச்சா சாப்பிடும் தாகம் எடுத்தா குடிக்கும், விட்டுரு.

நர்சக்கா | 9:50

மேலூர் தம்பி, வாய்க்கால்ல குடிச்சு நல்லா இருக்குறவன்தான் இங்க வந்து எழுதுறான், வயித்தாலபோய் போனவன் வந்து எழுத மாட்டான்ல. நீங்க சொல்ற அந்தக் காலத்துல ஒவ்வொரு வீட்டுலயும் "எனக்கு மூத்தது ஒன்னு தவறிப்போச்சு"ன்னு ஒரு கதை இருக்கும், உங்க அப்பத்தாகிட்ட கேட்டுப் பாருங்க.

தெப்பக்குளத்தா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கேன், இந்த மாதிரி பொம்பளப் பிள்ளைங்க நெறைய வரும். எட்டு ஒம்பது வயசுக்கு ஒரு நாளைக்கு ஒன்னு ஒன்றரை லிட்டர் தண்ணி உள்ள போகணும், நம்ம மதுரை வெயிலுக்கு அதுக்கு மேலயே வேணும். காலைல எட்டு மணியில இருந்து சாயந்தரம் நாலு மணி வரைக்கும் குடிக்காம, போகாம இருந்தா மூத்திரம் பையிலயே தேங்கி நிக்கும், கிருமி சாவகாசமா வளரும். உங்க பொண்ணு மறக்கல. குடிச்சா போகணும், போகக்கூடாதுன்னு குடிக்காம இருக்கு. சார்ட்ட கிழிச்சுப் போட்டுட்டு, ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்குன்னு கேளுங்க.

இன்னொன்னு, கழுவுறப்ப முன்ன இருந்து பின்னால கழுவணும். எத்தனையோ அம்மாமாருக்கே யாரும் சொல்லித் தந்ததில்ல இது. வெக்கப்படாம சொல்லிக் குடுங்க.

தெப்பக்குளத்தா | திங்கள், மதியம் 2:05

அக்கா நீங்க சொன்ன மாதிரியே மடியில படுக்க வச்சு மெதுவா கேட்டேன். நாலு பாத்ரூமாம், ரெண்டு பூட்டியே கிடக்குமாம், "அது டீச்சருக்கு". மிச்சம் ரெண்டுல ஒன்னுக்கு கொண்டி இல்ல, இவ உள்ள போனா சிநேகிதப் பிள்ளை வெளிய கதவப் பிடிச்சுக்கணும், அந்தப் பிள்ளை லீவுன்னா இவ போக மாட்டா. பக்கெட்டு இருக்கு தண்ணி இருக்காது, தண்ணி இருந்தா மக்கு இருக்காது. ஒரு தடவ பசங்க கதவத் தள்ளி சிரிச்சாய்ங்களாம். அன்னையில இருந்து நிறுத்தியிருக்கா. அது எப்ப நடந்துச்சுன்னு கேட்டா "ரெண்டாங்கிளாஸ்ல"ன்றா. ரெண்டு வருசம்! ரெண்டு வருசமா நான் ஸ்டார் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ஸ்கூல் பேரு வேணாம், ஊருக்குள்ள உள்ள எய்டட் ஸ்கூலுதான், படிப்பு நல்லாச் சொல்லிக் குடுக்குறாங்க, அதுல குறை சொல்ல ஒன்னுமில்ல.

உசிலை டீச்சர் | திங்கள், இரவு 8:40

படிச்சதும் என்னவோ போல ஆயிருச்சு. நான் உசிலம்பட்டி தாண்டி ஒரு ஒன்றியப் பள்ளியில வேலை பாக்குறேன், டீச்சர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

சோப்பு போட்டு இருபது செகண்டு கை கழுவணும்னு பாட்டுப் பாடி ஆட்டம் ஆடி சொல்லிக் குடுத்தோம், அக்டோபர் 15 கை கழுவும் தினத்துக்கு பிள்ளைங்க அம்புட்டு அழகா செஞ்சு காமிச்சதுக, அதிகாரி வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாரு. மறுநாள் மதியம் பாக்குறேன், ஒரு பிள்ளை கழுவல, தண்ணிய தொட்டு டவுசர்ல துடைச்சிட்டு தட்டத் தூக்கிட்டு ஓடுது. எனக்கு வந்துச்சே கோவம். அப்புறம் ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். எங்க பள்ளியில இருநூறு பிள்ளைங்க, குழாய் நாலு. ஆளுக்கு இருபது செகண்டுன்னா நாலாயிரம் செகண்டு, நாலு குழாய்க்குப் பிரிச்சா ஆயிரம், அதாவது கிட்டத்தட்ட பதினேழு நிமிசம், இதுல சோப்பு நுரைய அலசுற நேரமும் தள்ளுமுள்ளு நேரமும் சேக்கல. கடைசியா நிக்கிற பிள்ளைக்கு சோறு ஆறிப்போகும், முட்டை தீந்துருமோன்னு வேற பயம். நான் அந்தப் பிள்ளையா இருந்தாலும் டவுசர்லதான் துடைப்பேன்.

அப்புறம் என்ன செஞ்சோம்னா, சாப்பாட்டு பெல்ல வகுப்பு வாரியா அஞ்சு அஞ்சு நிமிசம் தள்ளி அடிச்சோம், ஒன்னாம் ரெண்டாங்கிளாசு மொதல்ல. மர நிழல்ல பிளாஸ்டிக் கேன் ரெண்ட தூக்கிக் கட்டி ஓட்டை போட்டு பேனா மூடிய சொருகி விட்டோம், அது ரெண்டு குழாய்க்குச் சமம். சோப்புதான் பெரிய கதை. வச்சா ஒரு நாள்ல காணாமப்போகும், பசங்கதான் எடுத்துட்டுப் போறாய்ங்கன்னு மிரட்டிக்கிட்டு இருந்தேன், பாத்தா காக்கா! கொத்தித் தூக்கிட்டுப் போய் கூரை மேல வச்சிருக்கு. நிஜமாங்க, ஏழெட்டுத் துண்டு கிடந்துச்சு. இப்ப வெங்காயம் வர்ற வலைப்பைய சின்னதா வெட்டி சோப்ப உள்ள போட்டு குழாயிலயே கட்டித் தொங்க விட்டாச்சு, வலையோட சேத்துத் தேச்சா நுரையும் நல்லா வருது. பசங்ககிட்ட சாரியும் சொல்லிட்டேன்.

மேலூர்க்காரன் | 8:52

காக்கா மேட்டரு அருமை டீச்சர் 😂 பாவம் பயபுள்ளைக, செய்யாத தப்புக்கு திட்டு வாங்கியிருக்காய்ங்க. தெப்பக்குளம் தங்கச்சி, நேத்து விவரம் தெரியாம பேசிட்டேன், பசங்க கதவத் தள்ளுனது தப்பு, அவய்ங்கள மொதல்ல கூப்புட்டு வச்சு கேக்கணும்.

பழைய ஹெச்எம் | திங்கள், இரவு 9:15

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் போடக் கூடாது. பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுகிறது? வேன் ஏழு இருபதுக்கு வருமென்றால் ஏழு மணிக்கு எழுப்புகிறார்கள், வாயில் இரண்டு இட்லியைத் திணித்து ஏற்றி விடுகிறார்கள். காலைக்கடன் கழிக்க அந்தப் பிள்ளைக்கு நேரமே இல்லை. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் அப்பா போன் பார்க்கிறார், பக்கத்தில் பிள்ளையும் பார்க்கிறது. இதற்குப் பள்ளி என்ன செய்யும்? "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லிக் கொடுத்தால் வீட்டில் பல்லே விளக்காமல் அனுப்புகிறார்கள்.

கழிப்பறைக்கும் ஒரு வழி உண்டு. எங்கள் காலத்தில் மாணவர்களே முறை வைத்துச் சுத்தம் செய்தார்கள். அதுவும் ஒரு பழக்கம்தான்.

உசிலை டீச்சர் | 9:22

ஐயா மரியாதையோடவே சொல்றேன், மொத பத்தி சரி, ரெண்டாவதுக்கு ஒத்துக்க மாட்டேன். வகுப்பக் கூட்டலாம், செடிக்குத் தண்ணி ஊத்தலாம், எல்லாப் பிள்ளையும் சேந்து செஞ்சா தப்பில்ல. கக்கூஸ் கழுவ பிள்ளைகள விடவே கூடாது. "முறை வச்சு"ன்னு நீங்க ஈசியா எழுதிட்டீங்க, அந்த முறையில எந்தத் தெருப் பிள்ளை பேரு திரும்பத் திரும்ப வரும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதுக்குன்னு ஆளு போடணும், அவுகளுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்கணும், கையுறை பினாயில் குடுக்கணும்.

பழைய ஹெச்எம் | 9:48

சரி அம்மா. நீங்கள் சொல்வது உண்மைதான். என் பள்ளியிலும் அப்படி நடந்தது, அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

நர்சக்கா | 10:10

ஹெச்எம் ஐயா சொன்ன காலைக்கடன் விசயத்த யாரும் தாண்டிப் போயிராதீங்க, இது ரொம்ப முக்கியம். மலம் கட்டிப்போன பிள்ளைக்கு குடல் போய் மூத்திரப்பைய அழுத்தும், முழுசா ஒன்னுக்கு வராது, மிச்சம் தேங்கும், திரும்பத் திரும்ப இன்ஃபெக்ஷன் வரும். தண்ணி, பழம், கீரையோட சேத்து நேரமும் குடுக்கணும். அரை மணி முன்னாடி எழுப்பி, வெதுவெதுப்பா தண்ணி குடுத்து, எதாச்சும் சாப்பிட்டதும் பத்து நிமிசம் உக்கார விடுங்க. சாப்பிட்ட உடனே குடல் அசையும், அதான் கணக்கு. முன்னாடி எழுப்பணும்னா முன்னாடி தூங்கணும், ஆறுல இருந்து பன்னெண்டு வயசுக்கு ஒம்பது மணி நேரமாச்சும் தூக்கம் வேணும்.

பல்லுக்கு: ஆலங்குச்சி வேப்பங்குச்சிய குறை சொல்லல, செங்கப்பொடி சாம்பல் மட்டும் வேணாம், எனாமல் தேஞ்சுரும். ஃப்ளோரைடு பேஸ்ட்டு பட்டாணி அளவு போதும், விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் நீளத்துக்கு அலை அலையா போட வேணாம். ராத்திரி தூங்கப் போறப்ப விளக்குறதுதான் காலைல விளக்குறத விட முக்கியம், நம்ம வீடுகள்ல தலைகீழா வச்சிருக்கோம்.

மூலிகைச் சுடர் | செவ்வாய், காலை 6:30

[பதிவு நீக்கப்பட்டது]

இழை நடத்துநர் | 7:02

சிறுநீர்க் கோளாறுக்கு பொடி விக்கிற பதிவ தூக்கியாச்சு. போன் நம்பரோட விளம்பரம் போட்டா அடுத்த தடவ ஐடியையே தூக்கிருவேன். சின்னப் பிள்ளை விசயம்ங்க இது.

ஒத்தக்கடை மாப்ள | செவ்வாய், மதியம் 1:20

எம் மகன் மூனாங்கிளாசு, எங்க வீட்டுப் பஞ்சாயத்து வேற. தண்ணி நல்லாக் குடிப்பான், சோறுதான் எறங்காது. ஸ்கூல் விட்டதும் வாசல்லயே கலர் கலரா பாக்கெட்டு, வீட்டுக்கு வந்தா வயிறு ஃபுல்லு. பஞ்சுமிட்டாயில ரோடமின் பி சாயம் இருக்குன்னு 2024 பிப்ரவரில நம்ம கவர்மென்டு தடை போட்டப்ப ஆகா ஒழிஞ்சுதுடான்னு நெனச்சேன், அது போய் வேற பத்து வந்துருச்சு. ஸ்கூல் கேட்டுல இருந்து ஐம்பது மீட்டருக்குள்ள இந்த மாதிரி கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடுன அயிட்டம் விக்கக்கூடாதுன்னு 2020லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூல் போட்டிருக்கு, எங்க ஸ்கூல் வாசல்ல போய் அளந்தா அஞ்சு மீட்டரு கூட வராது.

ஆனா அங்கயே ஒரு பாட்டி அவிச்ச பனங்கிழங்கு, கொய்யா, நெல்லிக்கா வச்சிருக்கும். அதுகிட்ட கூட்டமே இல்ல. நான் என்ன பண்ணேன்னா மாசம் பூரா பாட்டிகிட்ட கணக்கு வச்சிட்டேன், டெய்லி பத்து ரூவாய்க்கு அவன் என்ன வேணாலும் எடுத்துக்கலாம், பக்கத்துக் கடையில வாங்க அவன் கையில காசு இருக்காது. மொத வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தான். இப்ப அவன் சேக்காளிகளையும் கூட்டிட்டுப் போய் உப்பு மிளகாப்பொடி எக்ஸ்ட்ரா கேக்குறானாம். உப்பு கூடுதலாப் போகுதுன்னு நர்சக்கா திட்டுவீங்க, தெரியும்.

(ராத்திரி ஆனா நான் புரோட்டா பார்சலோட வீட்டுக்குள்ள நுழையிறத பத்தி இங்க பேச வேணாம்.)

நர்சக்கா | 3:40

திட்டல மாப்ள, கிழங்குக்கு மன்னிச்சு விட்டாச்சு. புரோட்டாவுக்குத்தான் மன்னிப்பு கிடையாது, பிள்ளை வாயப் பாக்காது, கையப் பாக்கும், நீங்க என்ன பார்சல் தூக்கிட்டு வர்றீங்கன்னு.

இங்க அம்மாமார் நெறையப் பேரு இருக்கீங்க, மாத்திரை விசயம் ஒன்னு சொல்லிக்கிறேன். பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுப்போம், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், கடிச்சு மென்னு திங்கணும். வாட்சப்புல எவனோ எதையோ பரப்பி விட்டு, அன்னைக்குன்னு பிள்ளைகள லீவு போட வைக்கிறீங்க. நகத்துல அழுக்கு, அத வாயில வைக்கும், ராத்திரி பின்பக்கம் அரிக்குதுன்னு சொறியும், சொறிஞ்ச கை திரும்ப வாய்க்கு. சுத்திச் சுத்தி அதே பூச்சிதான். வாரத்துக்கு ஒருநாள், ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்கங்க, எண்ணெய் தேய்க்கிற அன்னைக்கே நகத்தையும் வெட்டி விடுங்க.

அதே மாதிரி வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ஆறாங்கிளாசுல இருந்து நீலக்கலரு. வெறும் வயித்துல போட்டா குமட்டும், மதியம் சாப்பிட்டதும் போடணும். வெளிக்கு கறுப்பாப் போகும், பயப்பட ஒன்னுமில்ல. டீய மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, டீயோட சேந்தா இரும்பு உடம்புல ஒட்டாது.

சிம்மக்கல் சித்தப்பா | செவ்வாய், இரவு 10:30

வெறும் வயிறுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022 செப்டம்பர் 15, காலைச் சாப்பாட்டுத் திட்டத்த நம்ம நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியிலதான் முதலமைச்சர் தொடங்கி வச்சாரு, எங்க ஏரியாவே அன்னைக்கு திருவிழா மாதிரி. என் தம்பி மக ஒரு மாநகராட்சிப் பள்ளியிலதான் அப்ப ரெண்டாவது. காலைல ஒன்னும் சாப்பிடாம ஓடுற பிள்ளை, பத்து மணிக்கெல்லாம் தலை சுத்துதுன்னு டெஸ்க்குல படுத்துரும். பொங்கல் கிச்சடி கிடைக்க ஆரம்பிச்சதுல இருந்து சீக்கிரமே கிளம்பிருது. வீட்டுல யாரும் ஒரு வார்த்த புத்தி சொல்லல.

தெப்பக்குளம் தங்கச்சி, கல்வி உரிமைச் சட்டம் 2009 படி ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணி கட்டாயம். எய்டட் ஸ்கூலுன்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்க, பாதி பொம்பளைங்க. போய் யார் யாருன்னு கேளு. ஒத்தையா போகாத, நாலு பேரு சேந்து போ. ஒருத்தி போனா "அந்தம்மா பிரச்சனை பண்ணுது"ம்பாங்க.

தெப்பக்குளத்தா | புதன், காலை 11:15

அண்ணே நான் அந்தக் குழுவுல உறுப்பினராம். போன வருசம் ஒரு நோட்டுல கையெழுத்து வாங்குனாங்க, எதுக்குன்னு கேக்காம போட்டுட்டு வந்துட்டேன் 🤦‍♀️

சிம்மக்கல் சித்தப்பா | 11:20

வெளங்கிரும் 😂 போ தாயி, போய் மொதல்ல அந்த நோட்ட வாங்கிப் பாரு.

உசிலை டீச்சர் | 4:50

போறப்ப சண்டை போடுற மாதிரி போகாதீங்க. "கொண்டி போடலாமா, நாங்க எதாச்சும் செய்யணுமா"ன்னு கேளுங்க. ஒரு ஹெச்எம்முக்கு ஒரு நாள்ல எத்தனை ரிஜிஸ்டர் தெரியுமா, கக்கூஸ் கதவு அந்த லிஸ்டுல கடைசி. அப்புறம் பூட்டி வச்ச ரெண்டையும் தொறக்கச் சொல்லுங்க, இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. ஒரு டீச்சராச் சொல்றேன், எங்களுக்கு ஒன்னு போதும்.

கேரளாவுல 2019லயே தண்ணி குடிக்கன்னு தனியா பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க, நம்ம பக்கமும் வாட்டர் பெல் வந்துருச்சு. ஆனா பெல் அடிச்சு குடிக்கச் சொன்னா, அடுத்த அரை மணியில "மிஸ் ஒன்னுக்கு"ன்னு பத்து விரலு தூக்கும், அப்ப "இப்பதான இன்டர்வல் விட்டேன், உக்காரு"ன்னு சொல்லக்கூடாது. நானே சொல்லியிருக்கேன், அதான் எழுதுறேன்.

தெப்பக்குளத்தா | மூணு வாரம் கழிச்சு, சனி, இரவு 9:30

எல்லாருக்கும் ஒரு அப்டேட்டு. அஞ்சு அம்மாமாரு சேந்து போனோம். மொத நாள் ஹெச்எம் சிஸ்டர் கொஞ்சம் முகம் சுளிச்சாங்க, "வீட்டுலயே போயிட்டு வரச் சொல்லுங்க"ன்னாங்க. எட்டு மணி நேரத்துக்கு நம்மளாலயே முடியாதே சிஸ்டர்ன்னு ஒரு அம்மா மெதுவா சொன்னாங்க, அப்புறம் அவுக ஒன்னும் பேசல, எங்களக் கூட்டிட்டுப் போய் காமிச்சாங்க. அவுகளே மூக்கப் பொத்திக்கிட்டுதான் நின்னாங்க. டேங்குல இருந்து வர்ற பைப்பு அடைச்சுக் கிடந்திருக்கு, அதான் தண்ணி வரல, பிளம்பர் வந்து அரை நாள்ல சரி பண்ணிட்டாரு. ரெண்டு வருசம்! அரை நாள் வேலை! கொண்டிய எங்க வீட்டுக்காரரு சனிக்கிழமை போய் அவரே அடிச்சுட்டு வந்தாரு, உயரமா அடிச்சுட்டாரு, பிள்ளைக்கு எட்டல, மறுபடி ஞாயித்துக்கிழமை போய் கீழ எறக்கி அடிச்சாரு. பூட்டுனதுல ஒன்னு தொறந்தாச்சு, இன்னொன்னுக்கு பேச்சுவார்த்தை ஓடுது. கழுவுற அக்கா வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வந்துட்டு இருந்தாங்க, தினமும் வர வைக்க காசு யாரு குடுக்குறதுன்னு இன்னும் முடிவாகல.

இவ மொத நாலு நாள் போகவே இல்ல. நம்பிக்கை வரல போல. அஞ்சாவது நாள் வந்து "அம்மா கொண்டி நல்லா விழுது"ன்னா. நேத்து பாட்டில்ல நாலு விரக்கடை தண்ணிதான் மிச்சம்.

அதுல இப்ப புதுப் பிரச்சனை, பாட்டில் மூடி ஒரு மாதிரி வாடை அடிக்குது, எப்படிக் கழுவுறீங்க?

நர்சக்கா | 9:44

மூடிக்குள்ள ரப்பர் வளையம் ஒன்னு இருக்கும் பாருங்க, ஊக்கால நெம்பி எடுங்க, அதுக்கு அடியிலதான் கறுப்பா பிடிச்சிருக்கும். பழைய பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேச்சு வெயில்ல காய வைங்க. டெய்லி ராத்திரி.

தெப்பக்குளத்தா | 9:58

எடுத்துட்டேன்க்கா. ஐயோ.